ரத்து செய்யக் காரணம்: வேறு

ஹெடெ சாலை, மேற்கு யூட்லாந்து
ஆகஸ்ட் 24, ஞாயிறு மாலை

பெருமதிப்பிற்குரிய ஏகோன் சித்தப்பா அவர்களுக்கு,

அண்ணன் மகள் மைக்கென் பணிவோடு எழுதிக்கொள்வது. உடம்பைப் பொறுத்தவரை நான் நலம். மற்றவற்றைப் பற்றிக் கடிதம் முழுக்க எழுதப்போவதால் அதை இங்கே தொடவில்லை. சித்தியின் முழங்கால் ஸ்பெயின் வெயிலுக்குத் தேறியிருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் பால்கனித் தொட்டியில் எலுமிச்சை காய்த்ததா? இங்கே கோதுமை அறுத்து முடிந்தது. நம் கிடங்கு மெக்கானிக் பிரேபன் தன் வணக்கத்தைச் சொல்லச் சொன்னார். அவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அறுபத்தொரு வயதிலும் எந்திரத்துக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு என்னைத் திட்டுமளவுக்குத் தெம்பாகவே இருக்கிறார்.

“போன்ல நீ அழுதுடற, அப்புறம் உங்க சித்திகிட்ட நான்தான் பதில் சொல்லணும், எதுவானாலும் எழுதி அனுப்பு” என்று போன மாதம் சொன்னீர்கள். அதனால் எழுதுகிறேன். இது உங்கள் கைக்கு வருவதற்குள் யூட்டே அக்கா உங்களைக் கூப்பிட்டிருப்பார். ஹெடெ சாலையில் நடப்பதை உங்களுக்குச் சொல்வதில் அவரை இதுவரை யாரும் முந்தியதில்லை. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அவர் சொல்லாமல் விட்டது என் பக்கத்து நியாயம். அப்படி ஒன்று இருக்கிறதா என்பது எழுதிப் பார்த்தால்தான் எனக்கே தெரியும்.

ஆரம்பம் மே மாதத்தில், உங்கள் கண்ணெதிரேதான். தேவாலயத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் சடங்கு நடந்து, வீட்டுக்கு வீடு விருந்து வைக்கிற ஞாயிறு. நீங்களும் நானும் பாதிப் பாதி வைத்திருக்கிற நம் வாடகைக் கிடங்கில் இருப்பதோ ஒரே ஒரு பெரிய வெள்ளைக் கூடாரம். அதை நான் இரண்டு தாய்மார்களுக்கு ஒப்புக்கொண்டிருந்தேன். பதிவு நோட்டில் இரண்டு தாள் காபி பட்டு ஒட்டிக்கொண்டிருந்தது, அதற்குள் ஒருத்தி இருந்தாள், நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான் கதை. விடுமுறைக்கு வந்திருந்த நீங்கள் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு முற்றத்தில் அந்த இரண்டு பெண்களுக்கும் நடுவில் நின்றதும், கடைசியில் கூடாரத்தின் நடு இணைப்பைக் கழற்றி ஆளுக்குப் பாதி கொடுத்தனுப்பியதும், இரண்டு வீட்டிலும் ஒரு பக்கம் திறந்தே கிடந்த பாதிக் கூடாரத்துக்குள் மழை வந்து கேக்கைச் சாப்பிட்டதும் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அன்று நீங்கள் சொன்னதும் அப்படியே காதில் இருக்கிறது. “இத பாரு மைக்கென். மூணு பேங்க் மேனேஜர் முன்னாடி நின்னிருக்கேன், கால் நடுங்கல. ரெண்டு அம்மாக்காரிங்க முன்னாடி இனிமே என்னால நிக்க முடியாது. செப்டம்பர் மொத வெள்ளிக்குள்ள நல்ல சாஃப்ட்வேரா ஒண்ணு பாத்து எடு. இல்லேன்னா என் பாதிய அந்த கோபன்ஹேகன்காரனுக்கு எழுதிக் குடுத்துடுவேன்.” அந்தக் கோபன்ஹேகன் நிறுவனத்துக்கு நாடு முழுக்க நாற்பது கிடங்குகள். நம்முடையதை வாங்கினால் எந்திரங்களை நகரத்துக்கு ஏற்றிக்கொண்டு கதவைப் பூட்டிவிடுவார்கள். பிரேபன் வீட்டுக்குப் போவார். நான் எங்கே போவேன்? நாற்பத்தாறு வயதில், கையில் ஓர் இலக்கியப் பட்டமும், டிரெய்லரை இடிக்காமல் பின்னால் எடுக்கிற பழக்கமும் வைத்திருக்கிற பெண்ணுக்கு இந்த நாட்டில் வேறு என்ன வேலை இருக்கிறது?

ஆகவே தேடினேன். மூன்று மென்பொருள்கள். மூன்றையும் ஒரு மாதம் இலவசமாகப் பார்க்கலாம் என்றார்கள். இலவசம் என்ற சொல்லை அவர்கள் என்ன அர்த்தத்தில் சொன்னார்கள் என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

முதலாவது, அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்கான சாரங்களையும் பாரந்தூக்கிகளையும் வாடகைக்கு விடுகிறவர்களுக்காகச் செய்தது. கிடங்கில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் தனி எண் வேண்டும் என்றது. நம்மிடம் காபிக் கோப்பை மட்டும் அறுநூற்று நாற்பது. மொத்தமாக ஒரு வரியில் எழுதலாமா என்று திரையில் இருந்த விற்பனைக்காரரைக் கேட்டேன். ஒரு பாரந்தூக்கியை அப்படி எழுதுவீர்களா என்று அவர் திருப்பிக் கேட்டார். நானும் பிரேபனும் மூன்று நாள் உட்கார்ந்து கோப்பைகளின் அடியில் எண் ஒட்டினோம். பாத்திரம் கழுவும் எந்திரத்துக்குள் போன முதல் தடவையே பாதி எண்கள் உரிந்து அடுத்த கோப்பைக்குள் போய் ஒட்டிக்கொண்டன. முதியோர் விருந்தில் ஊர்ச் சபைத் தலைவர் 212-ஐக் காபியோடு விழுங்கிவிட்டார். “எரநூத்துப் பன்னெண்டு எங்கன்னு நானும் தேடிட்டே இருந்தேன். தலைவர் வயித்துல இருக்குன்னு பதிஞ்சுக்கோ” என்றார் பிரேபன். பொருள் எங்கே இருக்கிறது என்று கணினி கேட்டபோது ‘வாடிக்கையாளரிடம்’ என்று குறித்தேன். அது பொய்யில்லையே. அன்றிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு அது தலைவருக்கு, பொருளை நல்ல நிலையில் திருப்பித் தரும்படி செய்தி அனுப்பியது. ஆறாம் நாள் அவர் மனைவி கூப்பிட்டு, “எங்க வீட்டுக்காரர் முயற்சி பண்ணிட்டுத்தான் இருக்காரும்மா” என்றார். அந்த மென்பொருளை நிறுத்தினேன்.

இரண்டாவது, எந்திரம் எங்கே நிற்கிறது என்று வானத்திலிருந்து பார்த்துச் சொல்லும். வாடகைக்கு எடுத்தவர் சொன்ன இடத்தைச் சுற்றி அது ஒரு கோடு போட்டுக்கொள்ளும். கோட்டைத் தாண்டினால் திருட்டு என்று முடிவு செய்து என்ஜினை நிறுத்திவிடும். நம் பக்கத்தில் ஒருவர் எடுத்தால் சாலையே எடுத்த மாதிரி என்பது அதற்கு எப்படித் தெரியும்? விறகு பிளக்கும் எந்திரம் ஒன்று போனால் ஏழு வீட்டு விறகைப் பிளந்துவிட்டுத்தான் திரும்பும். நாற்பது வருஷம் நீங்களும் பார்த்தும் பாராதது போலத்தான் இருந்தீர்கள். நம் ஊர்க் கல்லறைத் தோட்டக்காரர் குட்டிப் பொக்லைனை எடுத்துப்போனார், தன் குழியை வெட்டி முடித்தார், பக்கத்து ஊர்க் கல்லறைக்கு இரவல் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து அவருடைய தொலைபேசி.

“மைக்கென், உங்க வண்டி குழிக்குள்ள கைய விட்டுட்டு அப்படியே செத்துப்போச்சு.”

“செத்தது வண்டியா, வேற யாராவதா?”

“ரெண்டும்தான். ஒருத்தர் பெட்டியில இருக்காரு. இன்னும் அரை மணில மணி அடிச்சுடுவாங்க. எதையாவது அமுக்கும்மா!”

அமுக்கப் பார்த்தேன். பூட்டைத் திறக்கக் கணினி ஒரு கேள்வி கேட்டது: ‘பொருள் திருடனிடமிருந்து மீட்கப்பட்டதா? ஆம், இல்லை.’ இல்லை என்றால் திறக்காது. ஆம் என்றால், முப்பது வருஷமாக இந்த ஊருக்குக் குழி வெட்டுகிற மனிதரைத் திருடன் என்று நான் எழுத்தில் ஒப்புக்கொண்டதாகிறது. கையைக் கணினி மவுஸின் மேல் வைத்தபடி யோசித்துக்கொண்டிருந்தேன். “ஆமான்னு அமுக்கித் தொலையேன்!” என்று கத்தினார் பிரேபன். “அவர் திருடன் இல்லையே, பிரேபன்” என்றேன். “பொணம் காத்துக்கிட்டிருக்குது!” என்று சொல்லிவிட்டு, மண்வெட்டியை வண்டியில் போட்டுக்கொண்டு அவரே கிளம்பிப்போனார். போதகர் கூடுதலாக இரண்டு பாட்டுப் பாடவைத்தார். அடக்கம் இருபது நிமிஷம் தாமதம். இறந்தவரின் மனைவி மட்டும் கோபப்படவில்லை. அவர் எங்கேயும் நேரத்துக்குப் போனதில்லை என்றார். அந்த மென்பொருளையும் நிறுத்தினேன். நிறுத்தும் முன், எங்கள் சேவையில் திருப்தியா என்று கேட்டது. அதற்கு மட்டும் ஒரு பக்கம் எழுதினேன்.

மூன்றாவதை நான் விரும்பினேன், சித்தப்பா. அதுதான் கொடுமை. கோப்பையை மொத்தமாக எழுதலாம். ஒரே கூடாரத்தை இரண்டு பேருக்குக் கொடுக்க முயன்றால் சிவப்புக் கோடு வந்து கையைப் பிடிக்கும். எல்லாவற்றையும்விட, ஒரே சாமானைப் பல வீடுகள் சேர்ந்து எடுத்தால் அத்தனை பேரையும் ஒரே சீட்டில் எழுதலாம். வாடகையை அதுவே பங்கு போட்டு ஒவ்வொருவருக்கும் சொல்லிவிடும். இதைச் செய்தவர் யாரோ ஒரு சின்ன ஊர்க்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று மனத்துக்குள் வாழ்த்தினேன். இதையே எடுப்பது என்று முடிவும் செய்தேன். கடைசியாக ஒரு பரீட்சை வைப்போம் என்று, வசந்தத்திலிருந்தே நோட்டில் இருந்த ஒரு பதிவைப் போன வியாழக்கிழமை மதியம் அதற்குள் ஏற்றினேன். இங்கெலீஸ், பவுல் தம்பதியின் திருமண வெள்ளிவிழா.

வெள்ளிவிழா எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாலையில் உள்ளவர்கள் கூடி ஊசியிலைக் கிளைகளால் வாசல் வளைவு கட்டுவார்கள். விடியற்காலையில் ஓசைப்படாமல் கொண்டுவந்து அவர்கள் வாசலில் நிறுத்துவார்கள். ஆறு மணிக்கு ஊதுகொம்பு, பாட்டு, பிறகு காபி. எல்லாம் ரகசியம். தம்பதிக்கு அது தெரியும், அவர்களுக்குத் தெரியும் என்பது சாலைக்கும் தெரியும், ஆனாலும் கடைசிவரை ஒருவரும் வாய் திறப்பதில்லை. அவர்களும் பல் துலக்கித் தலை வாரிக்கொண்டு கட்டிலில் படுத்துத் தூங்குவதுபோல நடிப்பார்கள். இந்த ரகசியம் நோட்டில் பத்திரமாக இருந்தது. எந்திரத்தில் பதிகிறபோது எடுப்பவர் பெயர் யூட்டே அக்கா என்று போட்டேன். பங்காளிகள் பதினொரு வீடு, பதினொரு எண், எல்லாம் போட்டேன். இறக்க வேண்டிய இடம்: இங்கெலீஸ் வீட்டு முற்றம். அந்த இடத்தில் உள்ளவரின் தொலைபேசி எண் என்று ஒரு கட்டம். காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்கவில்லை. அங்கே உள்ளவர் இங்கெலீஸ்தான். அவள் எண்ணைப் போட்டேன்.

மூன்று மணிக்குப் பதிந்தேன். மூன்று மணி ஒரு நிமிஷத்துக்கு, கேட்காமலே, அது அவளுக்கு அனுப்பிய செய்தியை அப்படியே தருகிறேன்: “வணக்கம் இங்கெலீஸ்! சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு உங்கள் முற்றத்தில் சந்திக்க ஆவலாக இருக்கிறோம்! வெள்ளிவிழா வளைவை நிறுத்த இரும்புத் தாங்கி இரண்டு, நாற்காலி நாற்பது, காபிக் கொதிகலம் இரண்டு, கோப்பை அறுபது. அந்த நேரத்தில் யாராவது வீட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்!” மேலே பலூன் படம்.

நாலு மணிக்கு இங்கெலீஸ் சைக்கிளில் வந்து இறங்கினாள். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு மேலே இருந்தவள், என்னை இன்றைக்கும் அப்படித்தான் நடத்துவாள்.

“ஏண்டி மைக்கென், யாராவது வீட்ல இருக்கணுமாமே. யாரு இருக்கணும்? நான் ஒருத்திதான் இருக்கேன்.”

“ஏன், சனிக்கிழமை பவுல் எங்கயாவது போறாரா?”

“சனிக்கிழமை இல்லடி. பிப்ரவரியிலேயே போயாச்சு. கடலோரக் குடிசையில இருக்கான்.”

“தினம் காலைல அவர் வண்டி உன் முற்றத்துல நிக்குதே?”

“பன்னிக்குத் தீனி வைக்க வரான். பன்னிய நாங்க பிரிக்கல.”

நான் அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றாள். ஆகஸ்டில் எதற்குக் கையுறை என்றுகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. “யார்கிட்டயும் சொல்லல. எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியல. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு வெள்ளிவிழாவே வந்துடுச்சு. நீ எதையாவது பண்ணி இத நிறுத்து. காரணம் மட்டும் வெளில தெரியக்கூடாது” என்றாள். தெரியாது என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன், சித்தப்பா. கையைப் பிடித்துச் சொன்னேன்.

அவள் சைக்கிள் சாலைத் திருப்பத்தில் மறைந்ததும் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து ‘ரத்து’ என்பதை அழுத்தினேன். காரணம் கேட்டது. நாலு காரணங்களை அதுவே அடுக்கிக் கொடுத்தது: மோசமான வானிலை, தேதி மாற்றம், மரணம், வேறு. சன்னலுக்கு வெளியே பார்த்தேன். வெயில். சனிக்கிழமையும் வெயில்தான் என்று வானொலி சொல்லியிருந்தது. தேதி மாறவில்லை. யாரும் சாகவில்லை. ‘வேறு’ என்று அழுத்தினேன். விவரம் எழுதவும், இருபது எழுத்துக்குக் குறையாமல் என்றது. நம் ஊரில் மனிதர்களிடம் பொய் சொல்லிவிடுகிறோம். கேக் நன்றாக இருக்கிறது என்கிறோம், போன வாரமே கூப்பிட நினைத்தேன் என்கிறோம். படிவத்தில் மட்டும் யாருக்கும் பொய் வராது. கட்டம் போட்டுக் கேட்டால் உண்மையைச் சொல்லியே பழகிவிட்டோம். அது எந்திரத்துக்குள்ளேயே இருக்கும், கணக்குப் பார்க்கிற ஒருவர் என்றைக்காவது படிப்பார் என்றுதான் நினைத்தேன். ‘பவுலும் இங்கெலீஸும் பிப்ரவரியிலிருந்து சேர்ந்து வாழவில்லை’ என்று எழுதினேன். கேட்டதைப்போல ஒன்றரை மடங்கு எழுத்து. அனுப்பு என்று அழுத்தினேன்.

பங்காளிகள் எல்லாருக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்பதற்காகத்தானே அதை விரும்பினேன்.

“மைக்கென், இது என்னது?” என்று கூப்பிட்டார் யூட்டே அக்கா. “நாலு நிமிஷமா படிச்சுட்டிருக்கேன். மேல பலூன் போட்டிருக்கு. கீழ குடும்பம் பிரிஞ்சுபோச்சுன்னு போட்டிருக்கு.”

“அக்கா, அத நீங்க யார்கிட்டயும்…”

“நான் யார்கிட்ட சொல்ல? வெர்னர் இங்கதான் கிளைய வெட்டிக்கிட்டு நிக்கறான், அவனுக்கும் வந்திருக்கு. பதினோரு வீட்டுக்கும் போயிருக்கு. வளைவு முக்கால்வாசி கட்டியாச்சு. ரொட்டி நூத்தி இருபது சொல்லியாச்சு. இப்ப என்ன பண்றது?”

“தெரியல அக்கா.”

“தெரியலன்னு அந்த மெஷின்கிட்டயும் சொல்லியிருக்கலாமில்ல?”

பொக்லைனுக்கு அடியிலிருந்து பிரேபனின் குரல் மட்டும் வந்தது. “காத்துன்னு அமுக்கியிருக்கலாம்.” இன்றைக்குக் காற்றே இல்லையே என்றேன். “மேற்கு யூட்லாந்துல காத்து இல்லேன்னா எவன் நம்புவான்?” என்றார்.

சித்தப்பா, அன்றிலிருந்து நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். இத்தனை காலம் என்னை நேர்மையானவள் என்று நினைத்திருந்தேன். இல்லை. காலிக் கட்டத்தைக் கண்டால் எனக்குப் பயம், அவ்வளவுதான். என் கண்ணெதிரே கையுறையைப் பிசைந்துகொண்டு நின்றவளுக்குக் கொடுத்த வாக்கைவிட, கண்ணே இல்லாத ஓர் எந்திரம் கேட்ட கேள்வி எனக்குப் பெரிதாகப் போய்விட்டது. இப்படிப்பட்டவளிடம் ஒரு கூடாரத்தைக்கூட நம்பி ஒப்படைக்கலாமா?

சனிக்கிழமை. யாரும் போகமாட்டார்கள் என்று நினைத்து, இங்கெலீஸிடம் மன்னிப்புக் கேட்க விடியற்காலையில் நான் மட்டும் போனேன். முற்றத்தில் பதினொரு வீட்டாரும் நின்றுகொண்டிருந்தார்கள். மற்றவர்கள் வரமாட்டார்கள், அவள் தனியாக இருப்பாளே என்று நினைத்துத்தான் ஒவ்வொருவரும் வந்தார்களாம். வந்த பிறகு என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று வெர்னர் வளைவையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். இறக்கவும் மனமில்லை, திருப்பிக்கொண்டு போகவும் மனமில்லை. நாலு பேர் அதைத் தோளில் தாங்கிக்கொண்டே நின்றார்கள். கதவு திறந்தது. இங்கெலீஸ் இரவு அங்கியில் வந்து நின்றாள். அதே நேரம் பவுலின் வண்டி உள்ளே நுழைந்தது. இறங்கினார், எங்களைப் பார்த்தார், கையில் தீனி வாளியோடு பன்றிக் கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவில் அப்படியே நின்றுவிட்டார்.

ஊதுகொம்பு வாசிப்பவர் வெர்னரின் மைத்துனர். வெளியூர்க்காரர். பதினொரு எண்ணில் அவர் எண் இல்லை. அவரிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. மணி ஆறு அடித்ததும் தோட்டத்துக்குப் பின்னாலிருந்து, சொல்லிவைத்தபடி, இணைபிரியாத தம்பதிகளுக்கான அந்தப் பாட்டைக் கம்பீரமாக ஊத ஆரம்பித்தார். நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன்; கண்ணை மூடிக்கொண்டு ஊதுகிறவருக்கு எப்படித் தெரியும்? யாரும் பாடவில்லை. தொப்பியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதிப் பேர் கழற்றினார்கள். ஒவ்வொரு அடியாக, ஓர் அடியும் விடாமல் முடித்தார். முடித்துவிட்டு வெளியே வந்து, “வாழ்த்துகள்! யாரு மாப்பிள்ளை?” என்றார். பவுல் வாளியைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார்.

“உள்ள வாங்க. காபி ஆறிடும்” என்றாள் இங்கெலீஸ். எல்லாரும் போய் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், நூற்று இருபது ரொட்டியையும் வெண்ணெய் தடவிச் சாப்பிட்டார்கள். கசப்புச் சாராயம் ஒரு சுற்று வந்தது. யாருக்காகக் குடிப்பது என்று தெரியாததால் பயிருக்காகக் குடித்தார்கள். பவுல் வெளியே படியில் உட்கார்ந்து குடித்தார். இங்கெலீஸ் ஒவ்வொருவர் கோப்பையிலும் காபி ஊற்றிக்கொண்டே வந்தாள். என் கோப்பையிலும் ஊற்றினாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. ரத்தானாலும் பரவாயில்லை என்று பிரேபன் வண்டியில் ஏற்றி வந்திருந்த அறுபது கோப்பையையும் இன்று வீட்டுக்குக் கொண்டுவந்து நானே கையால் கழுவினேன். கழுவி முடித்ததும் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன்.

ஆகவே, சித்தப்பா, உங்களுக்குச் சிரமம் வேண்டாம். முதல் வெள்ளி வரை காத்திருக்கவும் வேண்டாம். என் பாதியையும் கோபன்ஹேகன் நிறுவனத்துக்குக் கொடுக்கச் சம்மதித்து, அவர்கள் அனுப்பிய தாளில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். கீழே உங்கள் கையெழுத்தும் விழுந்தால் முடிந்தது. பிரேபனிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். நாற்பது கிடங்கு வைத்திருக்கிறவர்களுக்கு இங்கெலீஸ் யார் என்று தெரியாது. அதனால் அவளுக்கு அவர்கள் எந்தக் கெடுதலும் செய்ய முடியாது. அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், தொப்பியைக் கழற்றி மாட்டியிருப்பார்.

சித்தி வெயிலில் அதிக நேரம் நடக்க வேண்டாம். நீங்கள் உப்பைக் குறையுங்கள். உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், ஓயாத வெயிலும், சாஃப்ட்வேர் எதுவும் தேவைப்படாத முதுமையும் வாய்க்க வேண்டுகிறேன்.

மன்னிப்பை எதிர்பார்க்காத அன்போடு,
உங்கள் அண்ணன் மகள்
மைக்கென்

பின்குறிப்பு, செவ்வாய்: கடிதத்தை நேற்றே போட்டிருக்க வேண்டும், தபால்தலை தீர்ந்துபோயிருந்தது. இன்று காலை இங்கெலீஸும் பவுலும் ஒரே வண்டியில் கிடங்குக்கு வந்தார்கள். பவுலின் சாமான்களை ஏற்றிப்போக டிரெய்லர் வேண்டுமாம். “மூடினது வேணும்” என்றாள் அவள். “திறந்ததே போதும்” என்றார் அவர். “மழை பேஞ்சா அலமாரி நனையும்.” “அது என் அலமாரி.” “உன்னோடதுன்னா நனையட்டும்னு விடுவியா? இருவத்தஞ்சு வருஷமா இதேதான்!” பிரேபன் மூடியதையே மாட்டிக் கொடுத்தார். பவுல் பூட்டைச் சரிபார்க்கப் போனபோது இங்கெலீஸ் என் பக்கம் திரும்பினாள். “உன்மேல கோவம்தான். கிறிஸ்துமஸ் வரைக்கும் இருக்கும். ஆனா ஆறு மாசமா ஒரு வரி சொல்ல முடியாம, அவன் வண்டி முற்றத்துல நிக்கறதக் காட்டிக் காட்டியே குடும்பம் நடத்திட்டிருந்தேன்டி. உன் மெஷின் ஒரே வரியில சொல்லிடுச்சு. அன்னிக்கு வந்தவங்க ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்கல. இனிமே நான் யாருக்கும் நடிக்க வேண்டாம். அது வாய அடைச்சு வைக்காத” என்றாள். அவர்கள் போனதும் உள்ளே போய் மூன்றாவது மென்பொருளை மூன்று வருஷத்துக்கு எடுத்துவிட்டேன். உறையைப் பிரித்து, கையெழுத்துப் போட்ட தாளையும் வெளியே எடுத்துவிட்டேன். மேலே எழுதியது எதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம், சித்தப்பா. கிடங்கு நம்முடையதாகவே இருக்கட்டும்.

அந்த உற்சாகத்தில் நோட்டில் மீதியிருந்த பதிவுகளையும் உடனே ஏற்றத் தொடங்கினேன். அக்டோபர் பக்கத்தில் உங்கள் பொன்விழா வளைவு இருந்தது; நீங்கள் ஊருக்கு வரும்போது சித்திக்குத் தெரியாமல் நடக்க வேண்டும் என்று நீங்களே யூட்டே அக்காவிடம் சொல்லி வைத்தது. இடத்தில் உள்ளவரின் எண் கேட்டது. நீங்கள் கைபேசி வைத்துக்கொள்வதில்லையே. சித்தியின் எண்ணைப் போட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, கூப்பிட்டுவிட்டார்கள். “ஏன் கண்ணு, ஊரே வந்து அஞ்சரை மணிக்கு எங்க வாசல்ல நிக்கப்போகுதாமே? உங்க சித்தப்பா குறட்டைக்கு நான் கண்ண மூடறதே நாலு மணிக்குத்தான். அம்பது வருஷமா இதான் கதை. எட்டு மணிக்கு மாத்திடு” என்றார்கள். மாற்றினேன். மாற்றக் காரணம் கேட்டது, இருபது எழுத்துக்குக் குறையாமல். சித்தி சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதினேன். பதினொரு வீடுகளின் நினைவு எனக்கு வந்தது, சித்தப்பா, ஆனால் விரல் முந்திக்கொண்டது. வெர்னர் உங்களுக்குக் குறட்டையை நிறுத்தும் மூக்குக் கவ்வி ஒன்று வாங்கப் பணம் திரட்டுகிறானாம். கையெழுத்துப் போட்ட தாளை மறுபடியும் உறைக்குள் வைத்துவிட்டேன்.